சரிவுக்கு ஒரு விலை

கொல்லிமலையில் சோளக்காடு என்னும் ஊரைத் தாண்டி ஏதாவது ஒரு சரிவில் நின்றுகொண்டு, பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு, காட்டைக் (சேலம், நாமக்கல் பக்கத்தில் புஞ்சையைக் காடு என்றுதான் சொல்வார்கள்) கயிறு போட்டு அளந்து பாருங்கள். பட்டாவில் ஒரு ஏக்கர் என்றிருக்கும். கயிறு ஒரு ஏக்கர் பதினைந்து செண்ட் என்று சொல்லும். சர்வேயர் தப்பாக அளந்துவிட்டார் என்று தோன்றும். அல்லது பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பைத் தள்ளிப் போட்டதில் நமக்கு லாபம் என்று தோன்றும். இரண்டுமே இல்லை. சரிவு முப்பது டிகிரி என்றால் அந்தப் பதினைந்து செண்ட் வந்தே தீரும்.

காரணம் சர்வேயரின் சங்கிலியில் இருக்கிறது. எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேய வானியல் பேராசிரியர் 1620இல் வழக்கத்துக்குக் கொண்டுவந்த அளவைச் சங்கிலி 66 அடி நீளம். அதில் 100 கண்ணிகள். சங்கிலிக்குச் சங்கிலி சதுரம் பத்து சேர்ந்தால் ஒரு ஏக்கர். அந்த ஏக்கரில் நூறில் ஒரு பங்குதான் நாம் வாய்க்கு வாய் சொல்லும் செண்ட், 435.6 சதுர அடி. சமவெளியில் இந்தச் சங்கிலியைத் தரையில் கிடத்தி இழுத்தால் போதும். மலையில் அப்படிச் செய்வதில்லை. மேட்டில் நிற்பவர் சங்கிலியின் முனையைத் தரையோடு அழுத்திப் பிடிக்க, பள்ளத்தில் நிற்பவர் தன் முனையை இடுப்புக்கோ தோளுக்கோ தூக்கி, சங்கிலி மட்டமாக நிற்கும்படி இழுத்துப் பிடிப்பார். அந்த முனையிலிருந்து தூக்குக்குண்டு இறங்கும். குண்டு எங்கே மண்ணைத் தொடுகிறதோ, அடுத்த அளவு அங்கிருந்து. இப்படிப் படிப்படியாகச் சங்கிலி மலையிறங்கும். அளந்தது சரிவை அல்ல, சரிவுக்கு மேலே காற்றில் கட்டிய ஒரு கண்ணுக்குத் தெரியாத படிக்கட்டை. இன்றைக்குச் சங்கிலி போய்க் கருவிகள் வந்துவிட்டன. அளப்பது என்னவோ அதே மட்ட அளவைத்தான்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. கொல்லிமலை நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ பதினொன்றேகால் டிகிரி வடக்கே இருக்கிறது. ஆகவே ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 23ஐ ஒட்டியும் ஆக வருடத்துக்கு இரண்டு முறை, நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வந்து நிற்கும். அந்த நேரத்தில் ஒரு முறத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். முறம்தான் காடு; மட்டமான தரையில் விழும் அதன் நிழல்தான் பட்டா. சாய்மானம் கூடக் கூட நிழல் சுருங்கும். முப்பது டிகிரிச் சாய்வில் 100 செண்ட் நிழலுக்கு 115 செண்ட் முறம் வேண்டும். நாற்பது டிகிரி என்றால் 130.

இது மலைக்காரனுக்கு அநியாயமா? யோசித்தால் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. மழை பொதுவாக மேலிருந்து கீழே நேராக விழுகிறது. சரிவு எத்தனை நீளமாக இருந்தாலும் அது ஏந்தும் மழை நிழலின் அளவுதான். மிளகுக்கொடி ஏறும் சில்வர் ஓக் மரம் சரிவுக்குச் செங்குத்தாக வளராது, வானத்தைப் பார்த்துத்தான் வளரும். கல் அடுக்கி, மண்ணை வெட்டி நிரப்பி, சரிவைப் படிப்படியாக மட்டம் செய்தால் கடைசியில் கையில் கிடைக்கும் மட்டநிலம் எவ்வளவு? பட்டாவில் உள்ள அதே அளவு. கல்வரப்பின் தடிமன் அதிலும் கொஞ்சத்தைத் தின்னும். சங்கிலிக்காரர் காற்றில் கட்டிய படிக்கட்டைத்தான் விவசாயி பிறகு மண்ணில் கட்டுகிறார். ஆனால் களை எடுப்பது, கொத்துவது, கூடை சுமப்பது எல்லாம் நிழலில் நடக்கும் வேலை இல்லை. முழுச்சரிவுக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். விளைச்சல் நிழலின் அளவு, உழைப்பு முறத்தின் அளவு.

பரப்பளவு என்னும் எண்ணில் இவ்வளவு சங்கதி. இருந்தாலும் பரப்பளவு அளந்து சொல்லக்கூடிய ஒன்று. இரண்டு நேர்மையான சர்வேயர்கள் தனித்தனியே அளந்தால் விடை பெரிய வித்தியாசம் இல்லாமல் ஒத்துப்போகும். வரி என்று வரும்போது அதோடு இன்னொரு எண் சேர்கிறது. மதிப்பு. இரண்டு நேர்மையான ஆட்கள் தனித்தனியே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் இரண்டு மதிப்பு சொல்வார்கள். இரண்டு பேருமே பொய் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அளவைத் துல்லியத்தில் நம்மவர்கள் எந்தக் காலத்திலும் குறை வைத்ததில்லை. முதலாம் ராஜராஜன் காலத்தில், 1001ஆம் ஆண்டு வாக்கில், சோழநாடு முழுக்க நிலம் அளக்கப்பட்டது. அந்தப் பணியை நடத்தியவருக்கு உலகளந்தான் என்றே பட்டம். அக்காலக் கணக்கில் ஒரு வேலி நிலத்தை 5,242 கோடியே 88 லட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்கு வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். வேலி என்பதை ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் அந்தப் பங்கு ஏறக்குறைய அரை சதுர மில்லிமீட்டர். ஓர் எறும்பு கால் வைக்கும் இடம். அதை யாரும் கோல் வைத்து அளந்திருக்க முடியாது. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கிப் பெருக்கி வந்த கணக்குப்பிள்ளைத் துல்லியம் அது. வரிக்கணக்கில் இந்த மயக்கம் இன்றும் உண்டு. எண்ணுக்குப் பின்னால் புள்ளி வைத்து நாலு இலக்கம் எழுதிவிட்டால் அது அளந்து கண்டது போலத் தோன்றிவிடும்.

மதிப்பைக் கணக்கிடும் பெரும்பாட்டுக்குக் கொல்லிமலையின் அடிவாரமே ஒரு முக்கியமான மேடை. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பாராமகாலும் சேலமும் அலெக்சாண்டர் ரீட் என்ற படைத்தலைவரின் கைக்கு வந்தன. அவருக்கு உதவியாக மூன்று பேர்: தாமஸ் மன்றோ, வில்லியம் மக்லியாட், ஜேம்ஸ் கிரகாம். தென்பகுதி மக்லியாடின் பொறுப்பு. ஜமீன்தார் யாரும் நடுவில் இல்லாமல், உழுகிறவனோடு நேராக, வயல் வயலாகத் தீர்வை பேசி முடிக்கும் ரயத்துவாரி முறை இந்த வட்டாரத்தில்தான் உருப்பெற்றது. நடுவில் நிலத்தை மிட்டா மிட்டாவாக அறுத்து ஏலம் போட்ட கதையும் சேலத்துக்கு உண்டு. அதற்குள் இப்போது போக வேண்டாம்.

உழுகிறவனோடு நேராகப் பேசுவது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் என்ன எண்ணைப் பேசுவது? ஆரம்பத்தில் போட்ட தீர்வைகள் பல இடங்களில் தாங்க முடியாத அளவு ஏறியிருந்தன. இதைச் சொன்னது வேறு யாரும் இல்லை, மன்றோவேதான். பின்னால் ராயலசீமைப் பகுதியில் தாமே மதிப்பிட்ட தீர்வையை, நூற்றுக்கு 25 குறைக்க வேண்டும் என்று 1807இல் அவர் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் ஒப்பவில்லை. 1820இல் அவரே சென்னை கவர்னராக வந்த பிறகுதான் அது நடந்தது. மதிப்பீட்டின் மேல் செய்யப்பட்ட முறையீடுகளில், மதிப்பிட்டவரே மனுதாரர் ஆன விசித்திரம் இது.

மனு கொடுக்க வழியில்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு 1855இல் வெளியான சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை சாட்சி. தீர்வை பாக்கிக்காக ரயத்துகளின் விரல்களைக் கிட்டியில் மாட்டி நெரித்ததும், வெயிலில் குனிய வைத்துக் கட்டியதும் அதில் பதிவாகியிருக்கின்றன. அடுத்த சில ஆண்டுகளிலேயே, 1858 முதல், மாகாணம் முழுக்க நிலத்தை முறையாக அளந்து தீர்வை நிர்ணயிக்கும் பெருவேலை தொடங்கியது.

அந்த முறையின் உள்வேலை ஒரு நல்ல எந்திரத்தைத் திறந்து பார்ப்பது போல இருக்கும். முதலில் மண்ணை இனம் பிரித்தார்கள்: கரிசல், செம்மண், மணல். ஒவ்வொரு இனத்துக்குள்ளும் களியா, கலப்பா, சுத்த மணலா என்று உட்பிரிவு. அதற்குள் நல்லது, நடுத்தரம், மட்டம். ஒவ்வொரு வகைக்கும் ஏக்கருக்கு இவ்வளவு தானியம் விளையும் என்று அறுத்துப் பார்த்து ஒரு கணக்கு. பஞ்சம் வந்த வருடங்களைத் தள்ளிவிட்டு இருபது வருட விலையின் சராசரியால் அதைப் பணமாக்கினார்கள். வியாபாரியின் லாபத்துக்கும் சந்தைக்குக் கொண்டுபோகும் செலவுக்கும் ஒரு கழிவு. மழை பொய்ப்பதற்கும் தரிசு விழுவதற்கும் ஒரு கழிவு. சாகுபடிச் செலவு கழிவு. மிஞ்சியதில் பாதி சர்க்காருக்கு. சாலைக்கும் சந்தைக்கும் எவ்வளவு பக்கம் என்று பார்த்து ஊர்களையும் தொகுதி பிரித்தார்கள். எல்லாம் முடிந்த பின் கிடைத்த ஏக்கர் விகிதங்களை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் போட்டார்கள். அதற்குப் பெயர் தரம். வரைவுப் பட்டாவை ரயத்து கையில் கொடுத்து, ஆட்சேபணை இருந்தால் சொல் என்று கேட்டுவிட்டுத்தான் முடிவான பட்டா.

கிராம 'அ' பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தத் தரம் பழக்கமானது. சர்வே எண், நஞ்சையா புஞ்சையா, பரப்பு, தரம், தீர்வை என்று வரிசையாகப் போகும். நிலத்தீர்வை இன்றைக்கு டீக்காசுக்குச் சமம். அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. ஆனால் அந்தத் தரம் சாகவில்லை. அது இன்னொரு அலுவலகத்தில் உயிரோடு இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் இந்த எந்திரத்தைக் கொல்லிமலையில் ஓட்டிப் பாருங்கள். திணறும். மலையின் உடம்பு பெரும்பாலும் சார்னகைட் என்ற இறுகிய பாறை. (கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து கொண்டுபோன கல் இந்த வகை, அதனால் அந்தப் பெயர்.) லட்சக்கணக்கான ஆண்டு மழையில் பாறையின் மற்ற சத்துகள் கரைந்து போய், மேட்டில் சில இடங்களில் அலுமினியச் சத்து மட்டும் தங்கி பாக்சைட் ஆகிவிட்டது, மால்கோ நிறுவனம் அதைத் தோண்டி எடுத்தது. பள்ளத்தில் வண்டல் சேர்ந்து நெல் விளைகிறது. இரண்டுக்கும் நடுவே சரிவில் செம்மண். அதில் சாமை, கேழ்வரகு, மரவள்ளி, அன்னாசி. சாமையிலேயே கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை என்று மலையாளிப் பழங்குடி மக்கள் தனித்தனி விதை வைத்திருந்தார்கள். இந்த மண்ணுக்கு இந்தச் சாமை என்ற கணக்கும் அதில் அடக்கம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஆறரை டிகிரி வெப்பம் குறையும். அதனால்தான் அடிவாரத்தில் வராத காப்பியும் மிளகும் மேலே வருகின்றன. ஒரே சர்வே எண்ணின் மேல் மூலையும் கீழ் மூலையும் இரண்டு ஊர் போல இருக்கும். பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே வரி, ஒரே தரம்.

தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் சொந்தப் பண்ணையின் வரவு செலவை வருடக்கணக்கில் எழுதிவந்த வான் தூனென் என்பவர் 1826இல் ஒரு புத்தகம் போட்டார். மண் எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருந்தாலும், சந்தையிலிருந்து தள்ளிப்போகப் போக நிலத்தின் மதிப்பு குறையும். ஒரு தொலைவுக்குப் பின் பூஜ்யம் ஆகும். எந்தப் பயிருக்கு எந்தத் தொலைவு என்பதை அதன் எடைக்கும் விலைக்கும் உள்ள பொருத்தம் முடிவு செய்யும் என்றார். கொல்லிமலைக்கு இதைச் சொல்ல ஜெர்மனி வேண்டியதில்லை. அடிவாரத்துக் காரவள்ளிக்கும் மேலே சோளக்காட்டுக்கும் நடுவே 70 கொண்டை ஊசி வளைவு. மரவள்ளிக் கிழங்கில் பாதிக்கு மேல் தண்ணீர். சேகோ ஆலைக்குப் போகும் லாரி பெரும்பாலும் தண்ணீரைத்தான் மலையிறக்கிக்கொண்டிருக்கிறது. மிளகு மேலேயே காய்ந்து, சுருங்கி, விலை ஏறி, சாக்கில் ஏறுகிறது. ஆக, "சந்தைக்கு இவ்வளவு தூரம்" என்று ஒரே எண்ணை எழுதினால் மரவள்ளிக்காரருக்கு அது ஒன்று, மிளகுக்காரருக்கு வேறொன்று.

இப்போது அந்த இன்னொரு அலுவலகம். நிலம் கைமாறும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் வழிகாட்டி மதிப்பு பார்க்கிறார்கள். நகரத்தில் தெருவுக்கு இவ்வளவு, கிராமத்தில் சர்வே எண்ணுக்கு இவ்வளவு. பத்திரத்தில் எழுதும் தொகை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதற்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பது தற்போதைய பொது நடைமுறை. நான் இதைவிடக் குறைவாகத்தான் வாங்கினேன், வழிகாட்டி மதிப்பு என் நிலத்துக்குப் பொருந்தாது என்று ஒருவர் சொன்னால்? அதற்குத்தான் இந்திய முத்திரைச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 47-ஏ பிரிவு. பத்திரம் பதிவாகும், ஆனால் மதிப்பைத் தீர்மானிக்கக் கலெக்டருக்குப் போகும். நடைமுறையில் முத்திரைத்தாள் தனித் துணை கலெக்டர் விசாரிப்பார். "பத்திரம் 47-ஏ-க்குப் போயிருக்கு" என்று ஒருவர் பெருமூச்சு விட்டால் இதுதான் விஷயம்.

அந்த விசாரணைக்கான விதிகள் 1968இல் வந்தவை. நிலத்துக்கு மதிப்பு போட எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. நஞ்சையா, மானாவாரியா, தீர்வை எவ்வளவு, பக்கத்து நிலம் என்ன விலை போயிற்று, சராசரி விளைச்சல் என்ன, சாலையும் சந்தையும் எவ்வளவு பக்கம், ஊரிலிருந்து எத்தனை தூரம், நிலத்தின் மட்டம் எப்படி, கிணறு, பம்புசெட் உண்டா, என்ன பயிர். அந்தப் பட்டியலிலேயே, செட்டில்மெண்ட் பதிவேட்டின்படி நிலத்தின் தரம் என்ன என்பதும் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் ஆள் மண்ணை விரலில் உருட்டிப் பார்த்துப் போட்ட இலக்கம், இன்று ஒரு ரிசார்ட்டுக்காக நிலம் கைமாறும் விசாரணையிலும் வந்து நிற்கலாம்.

சராசரி ஏன் சிலரைக் கடிக்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. ஒரே விகிதத்தில் இருக்கும் ஐந்து காடுகள். ஏக்கருக்கு வழிகாட்டி மதிப்பு 10 லட்சம். உண்மையில் கைமாறிய விலை 8, 10, 12.5, 20, 25 லட்சம். முதல் காடு செங்குத்துச் சரிவில், தடம் இல்லாத இடம். கடைசிக் காடு தார்ச்சாலை ஓரம், அருவி பார்க்க வருகிறவர்கள் நின்று டீ குடிக்கும் இடம். பத்திரத்தில் ஐந்துக்கும் வழிகாட்டி மதிப்பையே எழுதினால் வரி ஐந்துக்கும் ஒரே 90,000 ரூபாய். முதல் காட்டை வாங்கியவருக்கு அது உண்மை விலையில் 11 சதவீதத்துக்கும் மேல். கடைசிக் காட்டை வாங்கியவருக்கு 3.6 சதவீதம். யாரும் லஞ்சம் வாங்கவில்லை, யாரும் பாரபட்சம் காட்டவில்லை. ஒரே விகிதம் என்ற நியாயமே இதைச் செய்துவிடுகிறது.

உலகெங்கும் சொத்து மதிப்பீட்டாளர்கள் இதைச் சோதிக்க இரண்டு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சொத்துக்கும் அரசு மதிப்பை விற்பனை விலையால் வகுத்து, அந்த விகிதங்களின் நடு எண்ணிலிருந்து மற்றவை சராசரியாக எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று பார்ப்பது ஒன்று. வீடுகளுக்கு அந்தச் சிதறல் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச மதிப்பீட்டு அலுவலர் சங்கத்தின் கணக்கு. காலிமனைக்கு இன்னும் கொஞ்சம் இளக்கம் உண்டு. நம் ஐந்து காடுகளின் சிதறல் 34 சதவீதம். இரண்டாவது அளவுகோல், விலை குறைந்த சொத்துக்கு விகிதம் கூடுகிறதா என்று பார்ப்பது. அது 1.03க்குள் இருக்க வேண்டும். நம்முடையது 1.19. அதாவது ஏழைச் சொத்து கூடுதலாகச் சுமக்கிறது.

இப்போது யார் மனு கொடுப்பார்கள்? 8 லட்சக்காரர் கொடுக்கலாம். 25 லட்சக்காரர் "ஐயா, என் நிலத்துக்கு மதிப்பு குறைவாகப் போட்டுவிட்டீர்கள்" என்று எந்த அலுவலகத்திலும் வந்து நிற்கப் போவதில்லை. முறையீடு என்பது பிழையைக் கண்டுபிடிக்கும் ஒரு கருவி. ஆனால் அது ஒரு பக்கத்துப் பிழையை மட்டும் காட்டும் கருவி. ஒரு தட்டு மட்டும் அசையும் தராசு மாதிரி.

அந்த ஒரு பக்கத்திலும் எல்லோரும் வருவதில்லை. முதல் காட்டுக்காரரின் வித்தியாசம் 2 லட்சம். அதற்கு வரி 18,000 ரூபாய். அதற்காக நோட்டீஸ் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் கொடுக்க வேண்டும். விசாரணைக்குப் போக வேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்றால் இரண்டு மாதத்துக்குள் மேல்முறையீடு, அது சென்னையில் பதிவுத்துறைத் தலைவரிடம். அதுவும் பிடிக்கவில்லை என்றால் உயர் நீதிமன்றம். 18,000 ரூபாய்க்கு எழுபது வளைவை எத்தனை முறை இறங்குவது? பத்து லட்சத்துக்கே எழுதிவிடுங்கள் என்று பத்திரம் எழுதுபவர் சொல்வார். அது மோசமான யோசனை என்றும் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் இதையே பெரிய அளவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். சிகாகோ நகரம் அடங்கிய குக் கவுண்டியில் விலை குறைந்த வீடுகளுக்கு மதிப்பு கூடுதலாகவும் மாளிகைகளுக்குக் குறைவாகவும் போடப்பட்டிருந்ததை 2017இல் சிகாகோ ட்ரிப்யூன் செய்தித் தொடர் அம்பலமாக்கியது. திருத்த வேண்டிய மேல்முறையீடு ஏற்றத்தாழ்வை இன்னும் அதிகமாக்கியிருந்தது என்பதுதான் அதில் விசேஷம். வக்கீல் வைத்துக்கொண்டவர்கள் குறைத்துக்கொண்டார்கள். குறைந்த பாரம் மனு போடாதவர்கள் தலையில் இறங்கியது. மறு ஆண்டே அந்த மதிப்பீட்டு அதிகாரி கட்சிக்குள் நடந்த தேர்தலில் தோற்றுப் போனார்.

நம்மூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 25 லட்சத்துக்கு வாங்கியவர் பத்திரத்தில் 10 லட்சம் என்றே எழுதுகிறார். அடுத்த முறை மதிப்பைத் திருத்த உட்காரும் அதிகாரி எதைப் பார்ப்பார்? பதிவான பத்திரங்களை. அதில் எல்லாம் பத்து, பத்து, பத்து. ஆகா, நாம் போட்ட மதிப்பு சந்தையோடு எவ்வளவு பொருந்தியிருக்கிறது என்று தோன்றும். காய்ச்சல்காரரின் கக்கத்தில் வைக்காமல், தெர்மாமீட்டரைத் தானே பிடித்துக்கொண்டு பார்த்தது போல.

இதே நிலத்தைச் சாலைக்கோ அணைக்கோ அரசு எடுத்துக்கொள்ளும் நாளில் காட்சி தலைகீழாகும். 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் இழப்பீட்டுக்கு முத்திரைச் சட்ட மதிப்பையும் சுற்றுவட்டாரப் பத்திரங்களின் சராசரியையும் பார்க்கச் சொல்கிறது. அப்போது நேற்று வரை மதிப்பு அதிகம் என்றவர் இன்று மதிப்பு குறைவு என்று மனு எழுதுவார். மண் மாறவில்லை, சரிவு மாறவில்லை, ஆளும் மாறவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே நிலத்துக்கு அரசும் இரண்டு முகம்தானே காட்டுகிறது.

நீதிமன்றங்கள் இந்த எண்ணின் இயல்பைப் புரிந்துகொண்டுதான் பேசியிருக்கின்றன. அரசு நிறுவனமான டான்சியின் நிலம் விற்கப்பட்டது பற்றிய வழக்கைத் தமிழ்நாட்டில் கேள்விப்படாதவர் குறைவு. அதில் சண்டையின் ஒரு நடுநரம்பு வழிகாட்டி மதிப்பு. அந்த மதிப்பு சந்தை விலையை அறிய உதவும் காரணிகளில் ஒன்றுதான், அதுவே முடிவான விலை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2003 தீர்ப்பில் சொன்னது. அரசியல் காரசாரத்தில் இந்த வரி அதிகம் பேசப்படாமல் போயிற்று. சின்ன நிலக்காரனுக்குப் பயன்படக்கூடியது அந்த வரிதான். 2017இல் மாநிலம் முழுக்க 33 சதவீதம் குறைத்த மதிப்பை, 2023 மார்ச் இறுதியில் ஒரே சுற்றறிக்கையால் பழைய அளவுக்கு ஏற்றியபோது சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விதிப்படி குழு கூட்டி, வரைவு வெளியிட்டு, மக்களின் ஆட்சேபணையைக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அப்படியே செய்து 2024 ஜூலை 1 முதல் புது மதிப்பு வந்தது. வரைவுப் பட்டா கொடுத்து ஆட்சேபணை கேட்ட பழைய செட்டில்மெண்ட் பழக்கம்தான் இது.

வீட்டுவரியைப் பற்றி ஒரு வார்த்தை. ஊராட்சிக்குக் கட்டும் வரியில் வீட்டின் விலையை யாரும் நேராகக் கேட்பதில்லை. கூரையா, ஓடா, கான்கிரீட்டா, எத்தனை சதுர அடி என்று பார்க்கிறார்கள். விலையைக் காண முடியாதபோது கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை அதன் பதிலாளாக நிறுத்துவது வரிக்காரர்களின் பழைய தந்திரம். இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னலை எண்ணி வரி போட்டார்கள். மக்கள் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். நல்லவேளை, இங்கே யாரும் கான்கிரீட்டைப் பெயர்த்துவிட்டு ஓலை வேயவில்லை.

47-ஏ விசாரணையில் எழுதிக் கொடுக்கும் பதிலில் என்ன எழுத வேண்டும்? "மதிப்பு மிக அதிகம், கருணை கூர்ந்து குறைக்கவும்" என்று எழுதினால் அதில் அதிகாரி பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. விதியில் இருக்கும் அந்தப் பட்டியலைத்தான் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். தார்ச்சாலை எத்தனை மீட்டரில் நிற்கிறது, அங்கிருந்து காடு வரை தலைச்சுமைதானா, கிணறு உண்டா, சென்ற இரண்டு மூன்று வருடங்களில் பக்கத்தில் எந்தச் சர்வே எண் என்ன தொகைக்குப் பதிவாயிற்று, அடங்கலில் என்ன பயிர் ஏறியிருக்கிறது, தரம் எத்தனை. கூடவே புலப்படத்தின் நகல்.

புலப்படத்தை வாங்கியதும் ஒன்றைக் கவனிக்கலாம். எல்லைக் கற்கள் இருக்கும். கல்லுக்குக் கல் நீளம் இருக்கும். பக்கத்து எண்கள், ஓடை, பாதை இருக்கும். சரிவு இருக்காது. மலையுச்சிக் காடும் காவிரிக்கரை வயலும் அந்தத் தாளில் ஒரே மாதிரிதான் தட்டையாகக் கிடக்கும். விதியில் உள்ள "நிலத்தின் மட்டம்" என்ற இரண்டு சொல்லுக்குச் சாட்சியம் அந்தத் தாளில் கிடையாது. அதை மனுதாரர்தான் கொண்டுபோக வேண்டும்: மேல் வரப்பில் ஓர் ஆள், கீழ் வரப்பில் ஓர் ஆள், இரண்டு பேருக்கும் நடுவே மட்டமாக இழுத்துப் பிடித்த ஒரு கயிறு, கீழே நிற்பவரின் தலைக்கு மேலே அந்தக் கயிறு எவ்வளவு உயரத்தில் போகிறது என்று தெரிகிற மாதிரி ஒரு போட்டோ.